கொல்லைப்புறத்தில் வாடகை வீடு: கட்டுவதா, கராஜை மாற்றுவதா, பணத்தைப் பாண்டில் (வீட்டுக்கடனில்) போடுவதா?

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரபேங்க், வெருலம், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி எந்தத் தெருவில் நடந்தாலும் பழைய வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க்கிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். ரேட்ஸ் (நகராட்சிச் சொத்துவரி) ஏறுகிறது, ஓய்வூதியம் ஏறவில்லை. அப்போதுதான் "பின்னால ஒரு அவுட்பில்டிங் போட்டு வாடகைக்கு விடலாமே" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. நல்ல யோசனைதான், ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் "வாடகை எவ்வளவு வரும்?" என்ற கேள்வியில் தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டியது கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பதை. இந்த ஊர் மேடும் பள்ளமுமான ஊர். கட்டலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் மண்ணும் மட்டமும்தான் முடிவு செய்கின்றன, வங்கி அதற்குப் பிறகு.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: கொல்லையில் புதிதாகத் தனி வீடு கட்டுவது, இருக்கிற கராஜை வீடாக மாற்றுவது, வீட்டின் மேல் மாடி எடுப்பது, வீட்டுக்குள்ளேயே ஒரு அறையையோ பகுதியையோ விடுவது, எதையும் கட்டாமல் அதே பணத்தை வேறு இடத்தில் போடுவது. கடைசி வழியைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எடுத்துப் பார்த்தவர்கள் சில சமயம் கட்டும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள்.

மனை என்ன சொல்கிறது?

ஒரு கடப்பாரை, ஒரு அளவுநாடா, 20 மீட்டர் மட்டக்குழாய் ஆகிய மூன்றும் போதும். மனையின் கழிவுநீர் நகராட்சிக் குழாயில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து, குழாயின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு புதுக் கழிப்பறை வரப்போகும் இடத்தின் தரைமட்டத்தை மட்டக்குழாயால் அதோடு ஒப்பிட வேண்டும். 110 மி.மீ. குழாய்க்குக் குறைந்த வாட்டம் 60-க்கு 1. கழிப்பறையிலிருந்து இணைப்பு 18 மீட்டர் தள்ளி இருந்தால் குழாய் 30 செ.மீ. இறங்கியாக வேண்டும். தொடக்கத்திலேயே குழாயை மண் மூட வேண்டும் என்பதால் அது தரையிலிருந்து 45 செ.மீ. ஆழத்தில் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தரை சமமாக இருந்தால் இணைப்பில் 75 செ.மீ. ஆழம் தேவை. அங்கே 60 செ.மீ.தான் இருக்கிறது என்றால் அந்த இடத்தில் அந்த வீடு வராது. தளத்தை உயர்த்தலாம், வீட்டை இணைப்புக்கு அருகே நகர்த்தலாம், அல்லது வேறு வழியைப் பார்க்கலாம்.

மனை தெருவிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து, இணைப்பு முன்பக்கம் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். கழிவுநீரை மேலேற்றப் பம்ப் வைக்கலாம் என்று சொல்வார்கள். மின்சாரம் போகும் ஒவ்வொரு மாலையும் அந்தப் பம்ப் நிற்கும், தொட்டி நிரம்பும், குடித்தனக்காரர் உங்கள் கதவைத் தட்டுவார். வாடகை வீட்டுக்குப் பம்ப் வேண்டாம் என்பதே என் கருத்து. வாட்டம் தானாகக் கிடைக்காத மனையில் கழிப்பறையோடு தனி வீடு கட்டக்கூடாது.

சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் நகராட்சிக் கழிவுநீர்க் குழாய் கொல்லைகளின் ஊடாகவே ஓடுவதுண்டு. வாட்டத்துக்கு அது நல்லது, கட்டுவதற்கு இடைஞ்சல். அந்தக் குழாய்க்கான வழியுரிமைப் பட்டையின் மேல் கட்டிடம் வரக்கூடாது. வழியுரிமை நிலப்பத்திரத்திலும் சர்வேயர் ஜெனரல் வரைபடத்திலும் காட்டப்பட்டிருக்கும். இரண்டையும் வாங்கிப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது. எல்லைக் கற்களும் முக்கியம். வேலிதான் எல்லை என்று நம்பிக் கட்டி, பிறகு நில அளவையாளர் கல்லைத் தோண்டி எடுத்தபோது சுவர் அடுத்த வீட்டு மண்ணில் நிற்பது தெரிந்தால் அதற்கு மலிவான தீர்வு இல்லை.

அடுத்தது டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியின் நிலப்பயன்பாட்டுத் திட்டம். உங்கள் மண்டலத்தில் இரண்டாவது வீட்டுக்கு இடம் உண்டா, மனையில் எத்தனை சதவீதம் கட்டிடம் மூடலாம், முன்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு விடவேண்டும், எத்தனை கார் நிறுத்துமிடம் காட்டவேண்டும் என்பதெல்லாம் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். மண்டலச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கினால் வாய்ப்பேச்சு தேவையில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: பல இடங்களில் இரண்டாவது சமையலறை வந்தாலே அது இரண்டாவது வீடு என்று எடுத்துக்கொள்ளப்படும். "ரூம்தான் கட்டறோம்" என்று பிளானில் போட்டு, பிறகு அடுப்பும் சிங்கும் வைப்பவர்கள் அங்கேதான் சிக்குகிறார்கள்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு பெருக்கல். பழைய வீடுகள் பலவற்றுக்கு ஒரே பேஸில் 60 ஆம்பியர் இணைப்பு இருக்கும். 60-ஐ 230-ஆல் பெருக்கினால் 13.8 கிலோவாட். மாலை ஆறு மணிக்கு இரண்டு கீசர் தலா 3, இரண்டு அடுப்பு தலா 4, ஒரு கெட்டில் 2, ஆகமொத்தம் 16. மெயின் விழும். இணைப்பைப் பெரிதாக்க விண்ணப்பிக்கலாம். அதைவிட எளிது, புது வீட்டுக்குக் கேஸ் அடுப்பும் சூரிய கீசரும் வைப்பது. சூரிய கீசரையோ ஹீட் பம்பையோ வைக்காமல் தப்பவும் முடியாது. கட்டிடத் தரநிலையான சான்ஸ் 10400-இன் எக்ஸ்-ஏ பகுதிப்படி ஆண்டுச் சுடுநீர்த் தேவையில் பாதியாவது சாதாரண மின்கம்பிச் சூடு இல்லாத வழியில் வரவேண்டும். கேஸ் சிலிண்டர் வெளியே நிற்கும் இடம் ஜன்னல், கதவிலிருந்து 1 மீட்டரும் சாக்கடை வாயிலிருந்து 2 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். ஒடுக்கமான பக்கவாட்டு நடையில் இந்த அளவு கிடைக்காமல் போவதுண்டு. பிளானிலேயே அந்த இடத்தைக் குறித்துவிட வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒன்று. டர்பன் மேடுகளில் பரவலாக இருக்கும் பெரியா சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது தோண்டினால் செங்குத்தாக நிற்கும், கெட்டியாகத் தெரியும். நீர் புகுந்தால் தளர்ந்து இறங்கிவிடும். ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்யும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் 430-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவில் வெட்டி நிரப்பிக் கட்டிய வீடுகள் பல சரிந்தன. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை அஸ்திவாரத்துக்கு அருகே விட்டுவிடுவது இங்கே சுவர் வெடிப்புக்கு மிகப் பொதுவான காரணம். குறைந்தது ஒன்றரை மீட்டராவது தள்ளி, மூடிய குழாயில் கொண்டுபோய், அனுமதிக்கப்பட்ட மழைநீர் வடிகாலில் விடவேண்டும். கழிவுநீர்க் குழாயில் விடுவது சட்டப்படி தவறு. தெருவில் எல்லோரும் அப்படிச் செய்வதால்தான் பெருமழையில் மேன்ஹோல் பொங்குகிறது.

புதுத் தனி வீடு

மனை இந்தச் சோதனைகளில் தேறினால், வாடகைக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தனிக் கதவு, தனிக் குளியலறை, தனி மீட்டர், உங்கள் சமையலறையைத் தாண்டாத நடைபாதை ஆகியவைதான் நல்ல குடித்தனக்காரரைப் பிடித்துவைக்கும்.

6-க்கு 6 மீட்டர், அதாவது 36 சதுர மீட்டரில் ஒரு படுக்கையறை, சமையலோடு சேர்ந்த கூடம், குளியலறை எல்லாம் அடங்கும். வசிக்கும் அறை 6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. வெளிச்சத்துக்கு ஜன்னல் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, காற்றுக்குத் திறக்கும் பகுதி இருபதில் ஒரு பங்கு. எல்லைக்கு 1 மீட்டருக்குள் வரும் சுவரில் ஜன்னல் வைக்க முடியாது. அதனால் வீட்டை எல்லையோடு ஒட்டவைத்து இடம் மிச்சப்படுத்த நினைத்தால் அந்தப் பக்கம் குருட்டுச் சுவராகும். மாடு கட்டும் கொட்டில்போல இருட்டான வீட்டுக்கு நல்ல வாடகை கிடைக்காது.

மேஸ்திரி கொடுக்கும் பட்டியலைச் சரிபார்க்க இந்த அளவுகள் உதவும். வெளிச்சுவர் 24 மீட்டர், நடுச்சுவர் 6 மீட்டர், ஆக 30 மீட்டர் அஸ்திவாரம். 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனம் என்றால் 3.6 கன மீட்டர் கான்கிரீட். கையால் கலந்தால் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இரண்டு தள்ளுவண்டி மணல், இரண்டு தள்ளுவண்டி ஜல்லி. ஏறத்தாழ 20 மூட்டை போகும். தளம் 10 செ.மீ. கனத்தில் போட்டால் அதுவும் 3.6 கன மீட்டர், ஆனால் அதற்குக் கலவை இன்னும் வலுவாக இருக்க வேண்டும்: இரண்டு மூட்டைக்கு மூன்று வண்டி மணல், மூன்று வண்டி ஜல்லி. 290-க்கு 140-க்கு 90 மி.மீ. மேக்ஸி செங்கல் என்றால் சதுர மீட்டருக்கு 33. குளியலறைச் சுவரும் தளத்துக்குக் கீழே உள்ள சுவரும் உடைசலும் சேர்த்து 3,300 கல்லுக்குள் முடியவேண்டும். 5,000 கல் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பணம் வீணாகும் இடங்கள் இந்த அளவுகளில் இல்லை, மண்ணுக்குள் மறையும் வேலையில்தான். தளத்துக்குக் கீழே நிரப்பும் மண்ணை 15 செ.மீ. அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து, இடிக்க வேண்டும். அரை மீட்டர் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே நாலு தட்டு தட்டினால் ஓராண்டில் தளம் இறங்கி, சுவரோரம் டைல்ஸ் பிளக்கும். சரிவான மனையில் நிரப்பிய பக்கத்து அஸ்திவாரம், நிரப்பு மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணில் உட்கார வேண்டும். வெட்டிய பக்கத்தில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லியும் துளைக்குழாயும் போட்டு நீரை வெளியேற்றாவிட்டால் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். 1 மீட்டர் உயரத்தைத் தாண்டும் தடுப்புச் சுவரைப் பொறியாளர் கணக்கிடாமல் கட்டவே கூடாது.

சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓதத் தடுப்புப் படலம் வெளித்தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கட்டும்போது சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அழகுக்காக நடைக்கல் பதித்து, தரையை உயர்த்தி, படலத்தையே மூடிவிடுவார்கள். அதன்பின் எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அடிச்சுவர் உப்புப் பூக்கும். கடலுக்கு அருகே மெரபேங்க், ஐசிபிங்கோ பக்கம் என்றால் இரும்பு ஜன்னலை மறந்துவிட்டு அலுமினியம் போடுங்கள். கூரையைச் சுவரோடு கட்டும் இரும்புப் பட்டை சுவருக்குள் குறைந்தது 60 செ.மீ. இறங்க வேண்டும். தகரக் கூரையின் எடை குறைவு, புயல்காற்றில் அதைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான்.

காகித வேலையையும் இதே கவனத்தோடு செய்யவேண்டும். 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் தேசியக் கட்டிட ஒழுங்குமுறைச் சட்டப்படி, நகராட்சி ஒப்புதல் இல்லாமல் கட்டத் தொடங்குவதே குற்றம். பிளானை, கட்டிடக்கலைஞர்களைப் பதிவுசெய்யும் மன்றமான சாக்காப்பில் பதிவு பெற்றவர் வரைய வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டிடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிளானில் குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், நாள் நீளும். ஒப்புதல் கிடைத்தபின் 12 மாதத்துக்குள் வேலை தொடங்கவில்லை என்றால் அது காலாவதி. அஸ்திவாரக் குழியைக் கான்கிரீட் போடுமுன்னும், கழிவுநீர்க் குழாயை மூடுமுன்னும் ஆய்வாளர் பார்க்க வேண்டும். வேலை முடிந்து, வீட்டில் குடிபுகலாம் என்ற நகராட்சிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரையும் குடிவைக்கக் கூடாது. பாண்டு இருக்கும் வீடென்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும். புது வீடு கட்டுபவர், வீடு கட்டுவோரைப் பதிவுசெய்யும் மன்றமான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். வேலை தொடங்க 15 நாளுக்கு முன்பே வீட்டை அங்கே பதியவேண்டும். அப்போதுதான் பெரிய கட்டமைப்புக் குறைக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு, சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம் என்ற பாதுகாப்பு கிடைக்கும்.

"இந்தத் தெருவில் யார் பிளான் போட்டார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடாமல் கட்டியவர்கள் நிறைய என்பது உண்மைதான். 2013-இல் நட்லாம்பே நகராட்சி தொடுத்த வழக்கில், ஒப்புதல் இல்லாமல் கட்டிய வீட்டை முழுக்க இடிக்க வேண்டும் என்ற உத்தரவை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. நீதிமன்றம் வரை போகாவிட்டாலும், பிளான் இல்லாத வீட்டை வங்கி மதிப்பில் சேர்க்காது, தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு, விற்கும்போது வாங்குபவரின் வங்கி பிளான் கேட்கும். நாலு லட்சம் ரேண்ட் போட்ட கட்டிடம் விற்கும் நாளில் விலையைக் குறைக்கும் பாரமாகிவிடும்.

கராஜை மாற்றுவது

சுவரும் கூரையும் ஏற்கெனவே இருப்பதால் பாதிச் செலவு என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஒற்றைக் கராஜ் 3-க்கு 6 மீட்டர், 18 சதுர மீட்டர்தான். கராஜுக்கு அனுமதிக்கப்பட்ட 110 மி.மீ. ஒற்றைக்கல் சுவர் டர்பன் மழையை உள்ளே விட்டுவிடும், வசிக்கும் அறைக்கு அது போதாது. தளத்துக்குக் கீழே ஓதத் தடுப்புத் தாள் இருக்காது. தளம் வெளித்தரைக்குச் சமமாகவோ கதவுப் பக்கம் சாய்வாகவோ இருக்கும், மழைநீர் உள்ளே வரும். தளத்தை உயர்த்தினால் அறையின் உயரம் 2.4 மீட்டருக்குக் கீழே போய்விடும். கராஜ் எல்லையில் நிற்பதால் ஒரு பக்கம் ஜன்னல் வைக்க முடியாது. போதாக்குறைக்கு, மாற்றியபின் திட்டம் கேட்கும் கார் நிறுத்துமிடத்தை வேறெங்காவது காட்ட வேண்டும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்றால் அதை வீட்டு ஆட்கள் உடைத்துக் கழற்றவே கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பதிவுபெற்ற ஒப்பந்ததாரர்தான் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். அந்தச் செலவும் பட்டியலில் சேரும்.

இரட்டைக் கராஜாக, 220 மி.மீ. சுவரோடு, எல்லையிலிருந்து தள்ளி, கழிவுநீர் இணைப்புக்குப் பக்கத்தில் நிற்கிறதென்றால் மட்டும் கராஜை மாற்றுவது புது வீட்டைவிட மலிவாக முடியும்.

மாடி எடுப்பது

மனை சிறியது, கொல்லையே இல்லை என்றால் மட்டுமே. மாடியில்லாத வீட்டுக்காகப் போட்ட 60-க்கு 20 செ.மீ. அஸ்திவாரம் மேல்மாடியைத் தாங்குமா என்று அறிய, பொறியாளர் இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். கூரையைக் கழற்றும்போது குடும்பம் சில மாதம் வேறிடம் போகவேண்டும், அந்த வாடகையும் செலவுதான். படியின் உயரம் 20 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதி 25 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வெளிப்படிக்கட்டுக்கு எதிர்பார்த்ததைவிட நிறைய இடம் போகும். சாட்ஸ்வொர்த்தில் நிறைய இருக்கும் இரட்டை வீடுகளில் நடுச்சுவர் பக்கத்து வீட்டாருக்கும் சொந்தம். அவர்கள் சம்மதம் இல்லாமல் அதன்மேல் ஒரு கல்லும் வைக்க முடியாது. வாடகைக்காக மட்டும் மாடி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. மகன் குடும்பம் மேலே வரப்போகிறது என்றால் அது வேறு கணக்கு.

வீட்டுக்குள்ளேயே ஒரு பகுதி

நாலு படுக்கையறை வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் இதை முதலில் பாருங்கள். வெளிக்கதவு உள்ள ஒரு அறையும் அதை ஒட்டிய குளியலறையும் இருந்தால் போதும். ஒரு கதவை அடைத்துக் கல் கட்டுவது, பூட்டு மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று சில வாரத்தில் முடியும். சமையலறை சேர்க்காதவரை புது வீட்டுக்கான சிக்கல்கள் வருவதும் குறைவு. வாடகை குறைவாகத்தான் வரும், போட்ட பணமும் குறைவு என்பதால் சில மாதத்திலேயே திரும்பிவிடும். இடைஞ்சல் வேறு: சத்தம், விருந்தாளிகள், வெள்ளிக்கிழமை விரதச் சமையல் நடக்கும் வீட்டில் அவர்கள் என்ன சமைப்பார்கள் என்ற கேள்வி. இவற்றைக் குடிவரும் முன்பே முகத்துக்கு நேராகப் பேசிவிட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்பது இந்த வழியின் பெரிய பலம். கட்டிய வீட்டை அப்படித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பணக் கணக்கு

கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் மேற்கோளையும் உங்கள் தெருவின் வாடகையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 36 சதுர மீட்டர் வீடு, பிளான் முதல் மீட்டர் வரை 4 லட்சம் ரேண்ட். வாடகை மாதம் 5,500. ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்து 11 மாதத்துக்கு 60,500.

முழுத் தொகையையும் 10.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 3,990, ஆண்டுக்கு 47,900. கூடும் ரேட்ஸுக்கும் காப்பீட்டுக்கும் 4,800, பராமரிப்புக்கு 4,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 3,800. வருமான வரித்துறையான சார்ஸ் வாடகையை உங்கள் வருமானத்தோடு சேர்க்கும். வட்டி, ரேட்ஸ், காப்பீடு, பழுது ஆகியவற்றைக் கழிக்கலாம், அசலையும் கட்டிய செலவையும் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 5 சதவீதம் கழிக்கும் சலுகை குறைந்தது 5 வாடகை வீடு வைத்திருப்பவர்களுக்கே. முதல் ஆண்டு வட்டி 41,700. வரிக்கு உட்படுவது சுமார் 10,000. 26 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரி 2,600. மிச்சம் ஆண்டுக்கு 1,200 ரேண்ட். அதாவது முழுக் கடனில் கட்டினால் முதல் சில ஆண்டுக்கு வாடகை தவணையை மட்டும் கட்டும், வீட்டுச் செலவுக்கு உதவாது. இரண்டு மாதம் காலியாக இருந்தாலே கைப்பணம் போகும்.

சேமிப்பில் கட்டினால் ஆண்டுக்கு 51,700 நிற்கும், வரி போக ஏறத்தாழ 38,300. நாலு லட்சத்துக்கு 9.6 சதவீதம். நல்ல வருமானம்தான். ஆனால் உங்கள் சொந்த வீட்டின் பாண்டு இன்னும் பாக்கி இருந்து, அதற்கும் 10.5 சதவீத வட்டி என்றால், அதே பணத்தைப் பாண்டில் போட்டால் முதல் ஆண்டே 42,000 வட்டி மிச்சம். அதற்கு வரி இல்லை, குடித்தனக்காரர் இல்லை, மேஸ்திரி இல்லை. தேவைப்பட்டால் திரும்ப எடுக்கும் வசதியுள்ள பாண்டு என்றால் பணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், வட்டி மிச்சம் அப்படி ஏறாது, பிளானோடு கட்டிய வீடு மனையின் மதிப்பையும் உயர்த்தும் என்பதால் நீண்ட ஓட்டத்தில் கட்டிடம் முந்தலாம். ஆகவே பாண்டு பாக்கி உள்ளவர்கள் முதலில் அதை அடைத்து, பிறகு பாதிச் சேமிப்பு பாதிக் கடன் என்று கட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாண்டு முடிந்து, மனையும் தேறியவர்கள் தயங்க வேண்டியதில்லை.

அதே பணத்தை முன்பணமாக வைத்து வேறிடத்தில் ஒரு பிளாட் வாங்குவதும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் 12.1 லட்சம் ரேண்ட் வரையுள்ள விலைக்கு மாற்றுவரி இல்லை. வழக்கறிஞர் கட்டணம் உண்டு, மாதாமாதம் லெவி (பொதுப் பராமரிப்புக் கட்டணம்) உண்டு, குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு மோசமென்றால் திடீரென்று சிறப்பு லெவியும் வரும். பணம் தேவைப்படும்போது அந்தப் பிளாட்டைத் தனியாக விற்கலாம். கொல்லை வீட்டை உங்கள் வீட்டோடு சேர்த்துத்தான் விற்க முடியும். அப்போது மூலதன ஆதாய வரியில், சொந்தக் குடியிருப்புக்கான விலக்கு வாடகைக்கு விட்ட பகுதிக்குக் கிடைக்காமல் போகலாம். கட்டும் செலவின் ஒவ்வொரு ரசீதையும் விற்கும் நாள்வரை வைத்திருந்தால் அந்த வரி குறையும்.

குடிவைக்கும் முன்

1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் போட வேண்டும், வட்டியும் குடித்தனக்காரருக்கே. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். வரும்போது பார்க்காமல் விட்டால், போகும்போது உடைசலுக்கு டெபாசிட்டில் கை வைக்க முடியாது. எதுவும் பாக்கியில்லை என்றால் 7 நாளில் திருப்ப வேண்டும், பழுது கழித்தால் 14 நாளில். ஒவ்வொரு அறையின் படத்தையும் தேதியோடு எடுத்து இருவர் தொலைபேசியிலும் வைத்துக்கொள்வது நல்லது.

வாடகை தராதவரை வெளியேற்ற 1998-ஆம் ஆண்டின் 19-ஆம் எண் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றுவதும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டவிரோதம். அப்படிச் செய்த வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் தோற்பார், வழக்குச் செலவும் அவர் தலையில் விழும். உத்தரவு கிடைக்கச் சில மாதம் ஆகும், அதுவரை அவர் உங்கள் கொல்லையில்தான் இருப்பார். அதனால் மூன்று மாத வாடகை அளவுக்குத் தனியாகச் சேமிப்பு இல்லாதவர் கடனில் கட்டி வாடகைக்கு விடக் கூடாது. தகராறு முற்றுமுன் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் கட்டணம் இல்லாமல் விசாரிப்பார்கள். வீட்டுக்காரரும் போகலாம்.

மின்சாரத்துக்குத் தனி முன்கட்டண மீட்டர் வையுங்கள். நகராட்சி உங்களிடம் வாங்கும் விலைக்கு மேல் குடித்தனக்காரரிடம் வாங்கக் கூடாது. தண்ணீருக்கும் ஒரு துணை மீட்டர் போடுங்கள், கழிப்பறைத் தொட்டி ஒழுகுவதை மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட அது மலிவு. 2022 வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி டோங்காட்டில் பல மாதம் குழாய்த் தண்ணீர் வரவில்லை. கூரைத் தண்ணீரைப் பிடிக்க 2,500 லிட்டர் தொட்டி ஒன்றை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைப்பதற்கான மேடையைத் தளம் போடும் நாளிலேயே போட்டுவிடுங்கள். நிரம்பிய தொட்டி இரண்டரை டன் எடை, பிறகு வெறும் மண்ணில் வைத்தால் சாயும். அந்த மேடையையும் கழிவுநீர்க் குழாயையும் பிளானில் குறிக்கும்போது, கொல்லையில் வேல் நட்டிருக்கும் இடத்தையும் முருங்கையையும் கறிவேப்பிலையையும் அளந்து குறித்துக் கொடுங்கள். குழாய் வழியை இரண்டு மீட்டர் தள்ளுவது காகிதத்தில் சுலபம், குழி வெட்டியபின் சுலபமில்லை.